ஆடியபாதம் வீதி, துண்டு பதினான்கு

நடையை அளக்க
ஸ்கூட்டியில் வந்து இறங்கினேன்.
சந்தி மருந்துக்கடை வாசலில் அதை விட்டுவிட்டு
ஒற்றைச் சில்லை விரித்தேன்.
மீற்றருக்கு ஒரு டிக்.

சந்தைப் பையோடு சைக்கிளில் போனவர் கேட்டார்:
"தங்கச்சி, றோட்டு அகட்டப்போறாங்களோ?"
எங்கள் ஊரில் சில்லு உருட்டி வருகிற ஆள்
மதில் இடிக்க வருகிற ஆள்.
"இல்லை ஐயா, சனம் நடக்கேலுமோ எண்டு பாக்கிறம்."
அவர் மிதிப்பதை நிறுத்தாமலே
சிரித்துக்கொண்டு போனார்.

ஆடிய பாதத்தின் பெயர் வைத்த வீதி.
வெள்ளைக் கோட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையில்
நாற்பத்தேழு சென்ரிமீற்றர்.
ஒரு பாதம் ஊன்றலாம்.
மற்றதைத் தூக்கியபடி நிற்கவேண்டும்,
பெயருக்கு ஏற்றமாதிரி.

படிவம் ஏழு பக்கம்.
நடைபாதை: இல்லை.
நடைபாதையின் தரம்: மேலே 'இல்லை' எனில் அடுத்த பக்கம் செல்க.
சென்றேன்.
வாய்க்கால் மூடி பதினெட்டில் பதினொன்று.
நிழலுக்கு ஒரு வேம்பு, அதுவும் மதிலுக்கு உள்ளே.
கொப்பு மட்டும் வெளியே எட்டிப் பார்ப்பதால்
அரைப் புள்ளி.
இருக்கை என்ற இடத்தில் மதகுக் கட்டை எழுதினேன்,
இருந்து இருந்து மழமழத்துப்போன கட்டு.
நாய் மூன்று, ஒன்று நித்திரை.
ஆறு மணிக்கு ரியூசன் விட்டது.
நூற்றறுபத்திரண்டு சைக்கிள் வரை எண்ணினேன்,
பிறகு மதிலோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

மொத்தம் நூற்றுக்கு முப்பத்தொன்று.

ஆனாலும் கனகேந்திரனின் இடுப்பில் நாங்கள் கட்டிவிட்ட
அடி எண்ணும் பெட்டி
நாளுக்கு எண்ணாயிரம் காட்டியது.
வீதியில் நடப்பீர்களா என்ற கேள்விக்கு
'இல்லை' என்று கீறியிருந்தார்.
பெட்டி பழுதாக்கும் என்று கேட்கப் போனேன்.
கூட்டிப்போய்க் காட்டினார்:
கிணற்றடியிலிருந்து படலை வரை
புல் செத்து வெளுத்த ஒரு கோடு.
போக முப்பத்தாறு அடி, வர முப்பத்தாறு.
சீனி வருத்தம், டொக்டர் நடக்கச் சொன்னவர்.
"வெளியில போனா ஆட்டோக்காரன்
ஏத்தட்டோ எண்டு கேப்பான், பிள்ளை.
கேளாதவன் ஏத்திப்போடுவான்."

எங்கள் வரைபடத்தில்
படலைக்கு உள்ளே வெறும் சாம்பல் நிறம்.

தயாபரி நடக்கிறவ.
தொலைபேசிக் கடை பூட்டி வந்து, சப்பாத்துப் போட்டு,
மூன்றாவது மின்கம்பம் வரை போய்த் திரும்புவா,
ஆறு தரம்.
"நாலாவது?"
"அது எரியிறேல்ல."
"அஞ்சாவது எரியுதுதானே?"
என்னை ஒருமுறை பார்த்தா,
பிறகு என் ஹெல்மெற்றைப் பார்த்தா.

ஸ்கூட்டி வாங்கி நாலு வருசம்.
எனக்கு மறந்துபோயிருந்தது.

வெளிச்சம் என்ற கேள்விக்கு
'பெரும்பாலும் உண்டு' என்று முதல்நாளே புள்ளி கொடுத்திருந்தேன்.
ஏழு கம்பத்தில் ஆறு எரிந்தால்
அது பெரும்பாலும்தான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு
அவவோடு நானும் போனேன், சில்லையும் உருட்டிக்கொண்டு.
மூன்றாவது கம்பம் தாண்டி இருபது டிக்கில்
வெளிச்சம் முடிந்தது.
வெங்காய விலையைப் பற்றி
தேவைக்கு அதிகமான சத்தத்தில் கதைத்தோம்.
மூடியில்லாத இடத்தை அவ காலால் தடவிச் சொன்னா,
நான் தாண்டினேன்.
எழுபத்திரண்டாவது டிக்கில் ஐந்தாவது கம்பம்.
திரும்பிப் பார்த்து
"இவ்வளவுதானோ" என்றா தயாபரி.
வியர்வையைத் துடைத்தா.
அதற்கப்பால் இருந்த ஒரு பேக்கரியை
முதல்முறை காண்கிறவபோலப் பார்த்தா.

கடைசிப் பக்கம், கடைசிக் கேள்வி:
இருட்டிய பின் இத்துண்டை முழுதாக நடந்தவர் தொகை.
எண்ணுகிறவர் தன்னை எண்ணக்கூடாது,
அது விதி.

ஒன்று என்று எழுதினேன்.
நித்திரையால் எழும்பிய நாய்
எங்கள் இரண்டுபேரையும் பார்த்துக் குரைத்தது.