லோடு வராத வருஷம்

ஒரு தொட்டித் தண்ணீர், தேய்ந்த டூத் பிரஷ்,
நாள் கூலி நானூற்று இருபது.
குழியிலிருந்து வருவதைக் கழுவி
நிழலில் காயவைக்க வேண்டும்.
நம்ம ஊர் ஓடு
கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்:
உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு,
சோற்றுப்பானையோ, மூடியோ.
இது எதுவாகவும் இல்லை.
முழங்கை மொத்தத்தில் ஒரு கைப்பிடி.
நனைந்ததும்
எள் இறைத்தாற்போல்
உடம்பெல்லாம் கறுப்பு மணல்.

வைகை மணல் இப்படி மினுங்காதே என்றேன்.
நோட்டு எழுதிக்கொண்டிருந்த ஜெனிட்டா நிமிர்ந்தாள்.
"எரிமலை மணல் அக்கா.
கடலுக்கு அந்தப் பக்கம், யவனர் நாடு.
எரிந்து ஆறின மலையின் சரிவில்
கொடி போட்டு,
அந்த மலையடி மண்ணிலேயே சாடி வனைந்து,
அந்தச் சாற்றையே ஊற்றி
அனுப்பியிருக்கிறார்கள்.
இங்கே குடிக்க ஆள் இருந்தது,
கொடுக்க முத்து இருந்தது."

உள்பக்கம் தார் மாதிரிப் பூச்சு.
ஏதோ மரத்துப் பிசின், ஒழுகாமல் இருக்க.
வேறு சில தீவுக்காரர்கள்
கடல் தண்ணீரையே கலப்பார்களாம்
கெடாமல் இருக்க.
பிசின், உப்பு, புளிப்பு...
இதற்கா இத்தனை கப்பல்?
"எனக்கென்ன தெரியும் அக்கா,
எங்க பங்குச் சாமி
அப்பத்தில் தொட்டுத் தருகிற ஒரு சொட்டுதான்
நான் கண்ட ருசி."

ராத்திரி சோணமுத்துவிடம் சொன்னேன்.
மாட்டுத்தாவணிப் பழ மார்க்கெட்டில் லோடுமேன்.
கம்பத்துப் பன்னீர் திராட்சை
இறக்கிவிட்டு வருகிற மனுஷன்,
சட்டை முதுகில் ஊதாக் கறை,
வாசல்வரை கூடவே வரும்
இரண்டு தேனீ.
எத்தனை வருஷம் பழசு என்று கேட்கவில்லை.
எத்தனை கிலோ என்றார்.

மறுநாள் விசாரித்து வந்து சொன்னேன்:
வெறும் சாடி அரை மூட்டை சிமெண்டு,
நிறைந்தால் ஒரு மூட்டை.
அடி கூராக இருக்கும், தரையில் நிற்காது.
அவர் தோளைத் தடவிக்கொண்டார்.
"தூக்காதவன் எவனோ செஞ்சிருக்கான்."

நாலாவது மண்ணடுக்கு வரைக்கும்
கறுப்பு மணல் ஓடு கிடைத்தது.
அதற்கு மேலே
ஜெனிட்டாவின் நோட்டில் கோடு, கோடு, கோடு.
ஏன் என்று கேட்டேன்.
மலை மறுபடி எரிந்ததாம்.
கொடியும் பந்தலும்
பழம் மிதித்த தொட்டியும்
இரண்டே நாளில் சாம்பலுக்கு அடியில்.
"அதனால்தான் இங்கே நின்றது என்று
எழுத முடியாது அக்கா.
இருக்கலாம். அவ்வளவுதான்."

எனக்கு அந்த இருக்கலாம் போதும்.
ஐப்பசியில் கம்பத்தில் மழை பிடித்து
கொத்துக் கொத்தாக வெடித்து அழுகினால்
மார்க்கெட்டுக்கு யார் வந்து காரணம் சொல்வார்?
லாரி வராது.
தலைத்துண்டை விரித்துப் படுப்பார்கள்
பதினாலு பேர்.

இங்கேயும் ஒருத்தன் நின்றிருப்பான்,
காற்று திரும்புகிற மாசத்தில்,
சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு.
அரண்மனைக்கு வேறு ஊர்ச் சாடி வந்திருக்கும்,
வேறு மண், வேறு புளிப்பு,
கிண்ணம் காலியாக இருந்திராது.
அவனிடம்,
ஒரு மலை வெடித்தது என்று
சொன்னாலும் விளங்கியிராது.
லோடு இல்லை, நாளைக்கு வா.
அது விளங்கும்.

சாயங்காலம் தொட்டியைக் கவிழ்த்தேன்.
அடியில் தங்கியிருந்தது
ஒரு சிட்டிகை கறுப்பு.
எந்த நோட்டிலும் ஏறாமல்
சீமைக்கருவேல் தூருக்குப் போனது.

வீட்டுக்கு வந்தால்
எனக்கு முன்னே வந்து படுத்திருக்கிறார்.
சட்டை வெள்ளையாக
ஆணியில் தொங்குகிறது.
வாசலில் தேனீ இல்லை.