ஏழாவது படம்

ஏலம் சனிக்கிழமை, லங்காஸ்டரில்.
டெல்மர் ஹெர்ஷ் மூன்று முறை அழைத்துவிட்டான்.
"பார்த்தீர்களா? வாங்கலாமா?"

பதினோரு படங்கள். பத்து வலப்பக்கம்.
இடப்பக்கம் ஒன்றே ஒன்று,
அதுவும் எட்ட நின்று, ஜன்னல் வெளிச்சம் மேலே விழ.
காட்டாததை முதலில் பார் என்று
காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவன் நான்.

திருகாணித் தலைகளில் கடிபட்ட தடம் இல்லை. நல்லது.
சிக்கிமுக்கிக்கல்லைக் கவ்விய தாடையில்
இன்னும் பழைய தோல் துண்டு.
பூட்டுத் தகட்டின் துரு காபி நிறம், ஒரே சீர்.
அமிலம் தடவி வரவழைத்த துரு
அவசரத்தில் திட்டுத் திட்டாக நிற்கும்.
இது பொறுமையான துரு.
அடிக்கட்டையில் பதித்த பித்தளை மூடியில்
படமெடுத்தவரின் சிவப்பு ஸ்வெட்டர், தூக்கிய முழங்கை,
பின்னால் கட்டிலில் மடிக்காத துணிகள்.

பிறகு ஏழாவது படம்.
விசைக்குப் பின்னால் கட்டை சிறுத்து இடுப்பாகும் இடம்.
மேப்பிள் மரத்தின் புலிவரிகள்.
மூன்று வரி ஓடுகிறது. நான்காவது
கொஞ்சம் தயங்கி வளைகிறது.

மரம் தயங்காது.
தயங்கியது நான்.

தொண்ணூற்றொன்று பிப்ரவரி, ரெடிங்கில் ஒரு வாடகைக் கொட்டகை.
இரண்டாக முறிந்து வந்தது.
எலும்புப் பசை, உள்ளே ஒரு மர ஆணி,
மேலே புகைக்கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து
அணில்முடித் தூரிகையால் இழுத்த வரிகள்.
நான்காவதை இழுக்கையில் அடுப்பில் விறகு வெடித்தது.

வாங்க வந்த ஐலீன் ஷோபர்
உடைந்ததா என்று கேட்கவேயில்லை.
கேட்காததற்குச் சொல்லாமலிருப்பது பொய்யா என்று
அன்றிரவு யோசித்தேன்.
மறுநாள் இரவு யோசிக்கவில்லை.

ஏலக் குறிப்பில் இப்போது அச்சாகியிருக்கிறது:
'இருநூறு ஆண்டுகளில் ஒரு விரிசலும் காணாதது.'

பெரிதாக்குகிறேன். இன்னும்.
வரி சதுரங்களாகிறது, சதுரங்கள் வெறும் பழுப்பாகின்றன.
பழுப்பில் துப்பாக்கியும் இல்லை, நானும் இல்லை.
ஒரு சுண்டு பின்னால் வந்தால்
இரண்டு பேரும் இருக்கிறோம்.

தொலைபேசி அடிக்கிறது.
"என்னதான் தெரிகிறது?"
"ஏழாவது படத்தை எடு டெல்மர்.
இடுப்பில், நான்காவது வரி."
எடுக்கிறான். மூச்சு கேட்கிறது.
"அடேயப்பா, என்ன அழகு!"

சொல்லத்தான் போகிறேன்.
ஆனால் அந்த ஒரு கணம்,
கடவுளே,
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.