பதினோரு நிமிடம்

பாக்கெட்டில் பாதி காத்துதாம்மா என்று
பாடி பஸ் ஸ்டாப்பில் ஒருவர் சலித்துக்கொண்டார்.
காற்று இல்லை சார் அது.
காற்றை வெளியே தள்ளத்தான்
எனக்குச் சம்பளம்.

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது ஷெட், நைட் ஷிப்ட்.
கால் மணிக்கு ஒரு பாக்கெட்டை
வரிசையிலிருந்து எடுத்து
வயிற்றில் ஊசி குத்துவேன்.
மீட்டரில் இரண்டுக்குக் கீழே என்றால் போகலாம்.
மேலே ஏறினால்
கை தூக்க வேண்டும்; பெல்ட் நிற்கும்.

நமக்கு எது மூச்சோ
அதுதான் முறுக்குக்கு ஆகாது.
எண்ணெயைத் தொட்டுத் தொட்டே
சிக்கு வாடை ஏற்றிவிடும்.
நைட்ரஜன் அப்படியில்லை:
மொய் எழுதிவிட்டு, யாரிடமும் பேசாமல்
கல்யாண மண்டபத்தில் ஒரு நாற்காலியை
நிரப்பிக்கொண்டிருக்கும்
ஒன்றுவிட்ட சித்தப்பா.

நேற்று மூன்று பத்துக்கு ஊசி குத்தினேன்.
இருபது புள்ளி ஒன்பது.
ஊசியைத் துடைத்து இன்னொன்றில் குத்தினேன்.
இருபது புள்ளி ஒன்பது.
அது வெளியே இருக்க வேண்டிய எண்.
கொரட்டூர் ஏரிமேல், டீக்கடை மேல்,
என் மூக்குக்குள் இருக்கிற எண்.
சிலிண்டர் தீர்ந்திருந்தது.
மாற்ற வேண்டிய ஹபீபுல்லா
மகளுக்கு ஜுரம் என்று போனில் இருந்தான்.

கேஜ் விழுந்தது இரண்டு ஐம்பத்தொன்பது.
பதினோரு நிமிடம். நானூற்று நாற்பது பாக்கெட்.
உள்ளே சென்னைக் காற்று,
முதுகில் மே மாதம் வரை
நன்றாயிருக்கும் என்று அச்சு.

சூப்பர்வைசர் தணிகாசலம் திட்டவில்லை.
"கிழிங்க" என்றார்.
கத்தரிக்கோல் போதவில்லை;
சகாயமேரி பல்லால் கிழித்தாள்.

தின்றுபார்த்தோம்.
நன்றாகத்தான் இருந்தது,
மொறுமொறுவென்று, ஓமம் மணக்க.
அப்போதே தின்ன
எந்த வாயுவும் வேண்டாம்.
ஏதோ ஒரு ஊரில்
பெட்டிக்கடைக் கொக்கியில் தொங்கி
யாருக்காகவோ காத்திருக்கிறதே,
அதற்குத்தான் அவ்வளவும்.

ஆறு மணிக்கு வெளியே வந்தேன்.
மார்கழிப் பனியில் டீசல் வாடை.
ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்:
இருபது புள்ளி ஒன்பது.
உள்ளே எதெல்லாம் காறுகிறதோ,
குத்திப் பார்க்க ஊசி இல்லை.

பையில் ஒரு பொட்டலம், மகனுக்கு.
ஸ்கூல் கிளம்புவதற்குள் தின்னச் சொல்ல வேண்டும்.
ஈரக் காற்று.
பஸ் வேறு இன்னும் வரவில்லை.