காதால் வாங்கிய விரிப்பு

இந்த மெத்தை அறையோடு வந்தது.
ஒப்பந்தத்தில் ஏழாவது வரி:
மெத்தை ஒன்று, ஆறுக்கு நாலு, கறை இல்லை.
அதற்குக் கீழே என் கையெழுத்து.

முதலில் என் பழைய மழைக்கோட்டை விரித்தேன்.
பொத்தான் முதுகில் குத்தியது என்றான்.
பிறகு வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில்
யார் கணக்கில் வெட்டித் தந்த மேசைப் பிளாஸ்டிக்,
திராட்சைக் குலை அச்சடித்தது.
ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை.
ஆனால் அதற்கு வாய் இருந்தது.
கால் மடக்கினால் சரசர,
கை நீட்டினால் சரசர.

எங்கள் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில்
ஒரு பலகைதான் சுவர்.
அந்தப் பக்கத்துப் பொடியன்கள் இரண்டு பேரும்
கிருஷிகனின் பள்ளிக்கூட வானில்தான் போகிறவர்கள்.
ஒரு திங்கட்கிழமை
வானுக்குள் யாரோ வாயால் செய்து காட்டினார்களாம்:
சரசர, சரசர.
அவன் அதைச் சொன்னது
புதன்கிழமை, சப்பாத்து நாடா கட்டும்போது,
நாடாவிடம்.

அன்றிலிருந்து மரக்கட்டை மாதிரிப் படுத்தான்.
தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.
நாலைந்து இரவு விழித்துக் கிடந்த பிறகே பிடிபட்டது:
கடற்கரை ரயில் தடதடத்துக் கட்டிடம் அதிரும்போது மட்டும்
இவன் புரண்டு படுக்கிறான்.
ரயில் போனதும் பழையபடி கட்டை.
கடைசி ரயிலுக்குப் பிறகு
விடியும்வரை ஒரே பக்கம்.
ஏழு வயதுக்கு
நேர அட்டவணை மனப்பாடம்.

சம்பளத்துக்கு மறுநாள் அரைநாள் லீவு.
நூறாம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை.
கேசர் வீதியில் மூன்றாவது கடை,
நெரிசலில் சேலைத்தலைப்பை ஒரு வண்டில் இழுத்தது.

"பேஷண்டுக்கா, புள்ளைக்கா?"
கடைக்காரர் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி கேட்டார்.
பக்கத்தில் திரைச்சீலை பார்த்த இரண்டு பெண்கள்
கை நிறுத்தினார்கள்.

"எனக்கு" என்றேன்.

அவர் நிமிரவில்லை.
நல்ல மனிதர்.
ரெக்சீனை எடுத்துப் போட்டார், தட்டிக் காட்டினார்.
நான் குனிந்து அதில் காதை வைத்து
விரலால் கசக்கினேன்.
புதுச் சப்பாத்து நடந்தது.
வேண்டாம்.
ஆஸ்பத்திரிச் சிவப்பு ரப்பர்.
சத்தம் குறைவு; ஆனால் மணம்,
சித்திரை வெக்கையில் தோலோடு ஒட்டும்,
தவிர, பெரியாஸ்பத்திரி வார்டில் அவனுடைய அப்பா
கடைசியாகப் படுத்தது அதில்தான்.
அதைத் தொடவேயில்லை.

"தங்கச்சி என்ன, சாமானைக் காதாலயா வாங்குவீங்க?"
"ஓம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்து உள்ளே போனார்.
மேலே துவாய்த்துணி, கீழே மெல்லிய தோல் மாதிரி ஒன்று,
நாலு மூலைக்கும் இலாஸ்டிக்.
தன் கோப்பையில் மிஞ்சிய பிளேன்ரீயை அதில் ஊற்றிவிட்டு
அடியில் கை வைக்கச் சொன்னார்.
உலர்ந்திருந்தது.
காதை வைத்தேன்.
என் இரத்தம் ஓடுவது கேட்டது, வேறொன்றும் இல்லை.

நாலாயிரத்து அறுநூறு.
ரீ ஊற்றியதற்கு நூறு குறைத்தார்.
இந்த மாதம் மீன் இல்லை என்று
பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன்.

இரவு விரிக்கும்போது கேட்டான்:
"ஆருக்கெண்டு கேட்டவையோ?"
"ஓம்."
"நீங்க?"
"எனக்கெண்டு சொன்னனான்."
வாயைப் பொத்திக்கொண்டு
அப்படி ஒரு சிரிப்பு.
"அம்மா, நீங்களுமோ?"
நான் இல்லை என்று சொல்லவில்லை.
தேத்தண்ணிக் கறை இருந்த மூலையை
கால்மாட்டுக்குத் திருப்பிப் போட்டேன்.

பத்தரை ரயில் போனது. அசையவில்லை, பழக்கம்.
அதற்குப் பிறகு எப்போதோ,
கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்த நேரம்,
அவன் முழங்கால் என் விலாவில் இடித்தது.
குறுக்கே கிடந்தான்,
கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

மூன்று மணிக்கு நனைந்தது.
எழுப்பி, துடைத்து, களிசான் மாற்றினேன்.
விளக்குப் போடாமல்
மெத்தையைத் தடவிப் பார்த்தேன்.
ஏழாவது வரி உலர்ந்திருந்தது.