ஐந்தில் எத்தனை

நொவீனாவில் ஏறியதும் கைப்பேசி அதிர்ந்தது.
மூன்றாவது நினைவூட்டல்.
'உங்கள் வேலையில் உங்களுக்குத் திருப்தியா?
ஒன்று முதல் ஐந்துக்குள் தேர்ந்தெடுக்கவும்.
நான்கு நிமிடம் போதும்.'

நான்கு நிமிடம்தான் ஆனது,
பதினேழாம் படுக்கைத் திரு கோவின் கையில்
ஒரு நரம்பைக் கண்டுபிடிக்க.
இளம் டாக்டர் இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு
முகம் சிவந்து என்னைக் கூப்பிட்டார்.
நான் பெரிய விளக்கைப் போடவில்லை.
பாவாடைக்குள் ஓடி ஒளிந்த நாடாவை
நெருடி நெருடிப் பிடிப்பதுபோல்
விரல் நுனியால் தேடினேன்.
குழாயில் இரத்தம் ஏறியது.
கிழவர் விழிக்கவேயில்லை.
அப்போது எனக்குள் வந்ததே ஒன்று,
அதற்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதற்குப் போனேன்.
சம்பளம்.
மூன்றை அழுத்தி, பிறகு இரண்டாக்கினேன்.
மரிவிக் அடுத்த மாதம் பெர்த்துக்குப் போகிறாள்.
போன வருடம் தின்சார் போனாள்.
இங்கே கற்றுக்கொண்ட ஹொக்கியனை எல்லாம்
அங்கே யாரிடம் பேசுவார்கள்?

'உங்கள் உழைப்பு மதிக்கப்படுகிறதா?'
தாதியர் தினத்துக்குக் கொடுத்த தண்ணீர் போத்தல்
வீட்டில் நான்கு இருக்கிறது.
மக்சிக் ரொக்கையா என் மணிக்கட்டைப் பிடித்து
துவா செய்தார்.
அவர் மகன் புகார் எழுதியிருக்கிறான்,
மணி அடித்துப் பதினொரு நிமிடம்
யாருமே வரவில்லை என்று.
அதுவும் உண்மைதான்.
அந்தப் பதினொரு நிமிடமும்
இருபத்திரண்டாம் படுக்கையில்
திரைக்கு உள்ளே இருந்தேன்.
காலையில் அந்த மெத்தைக்குப் புது விரிப்பு போட்டோம்.

இந்த நேரத்தில் வடக்கே போனால்
உட்கார இடம் கிடைக்கும்.
ஊரே எதிர்ப்பக்கம் போகிறது.

கடைசியில் 'வேறு கருத்துகள்'.
ஐந்நூறு எழுத்துக்குள்.
யோசிக்காமல் தட்டினேன்:
ஐந்தாம் வார்டு இரத்த அழுத்த வண்டியின்
இடப்பக்கப் பின்சக்கரம் கீச்சிடுகிறது.
எண்ணெய் விடச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.
நான்கு மணிச் சுற்றுக்கு வண்டியைப் பாதி
தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.
பதினேழாம் படுக்கைக்காரர்
அப்போதுதான் கண்ணயர்கிறார்.

'அனுப்பு' என்றால் போகவில்லை.
முதல் கேள்வி சிவப்பாக மின்னியது:
'இதற்குப் பதில் கட்டாயம்.'
விரலை நாலுக்கு மேல் வைத்தேன்,
மூன்றுக்கு நகர்த்தினேன்,
காத்திப் வந்தது,

கண் விழித்தால் செம்பவாங்.
ஈசூன் எப்போதோ போய்விட்டது.
இறங்கி எதிர் ரயிலுக்கு நின்றேன்,
வேலைக்குப் போகிறவர்களின் வரிசையில்.