கடத்தல் இழப்பு

பதினான்கு பாடம் முடித்திருந்தேன்.
மூன்றை ஏற்றுக்கொண்டார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவள்
என் மதிப்பெண் தாளில் பென்சிலை நகர்த்தினாள்.
மின்னியல் ஒன்று, இல்லை.
மின்னியல் இரண்டு, இல்லை.
தொழிற்சாலை மின்னணுவியலுக்கு
உதட்டைப் பிதுக்கினாள்.
கணிதத்தில் மட்டும் பென்சில் கொஞ்சம் நின்றது,
பேருந்து நிறுத்தத்தில் யாரோ கைகாட்டியதுபோல.
"பாடையாச்சி, கெர்ஷினி. முதலாம் ஆண்டு."

எனக்கு இருபத்தைந்து வயது.

சாட்ஸ்வொர்த் மூலைக்கடையில்
கிரெடிட் என்றால் நோட்டில் பெயர் ஏறும்,
நாம் கொடுக்க வேண்டியது.
வெஸ்ட்வில் குன்றின்மேல் அதே சொல்லுக்கு
நமக்கு வர வேண்டியது என்று பொருளாம்.
இரண்டு இடத்திலும் குறைந்தது எனக்குத்தான்.

தொழிற்கல்லூரியில் எங்களுக்கு இருந்தது
செம்பு திருடுபோன ஒரு மோட்டார்.
அதற்குக் கம்பி சுற்றித்தான் பழகினோம்
நானும் சிபோங்கிலேயும்.
மின்வெட்டு நாளிலும் மின்னியல் வகுப்பு உண்டு,
கைப்பேசி வெளிச்சத்தில்.
சிரித்துக்கொண்டேதான் படித்தோம்.

ஒருநாள் எல்லாவற்றையும் அணைத்த பிறகு
மின்தேக்கி என்னைக் கடித்தது.
முழங்கை வரை.
ஏன் சார், அணைத்துவிட்டோமே?
"தொடும் முன் இரு முனையையும் சேர்த்துவிடு."
அது சரி, ஏன்?
"தேர்வில் வராது."

அந்த "வராது"தான் என்னை
இரண்டு டாக்சி மாற்றி
இந்தக் குன்றில் ஏற வைத்தது.

இங்கே குரங்குகள் இருக்கின்றன.
முதல் வாரமே ஒன்று
என் ரொட்டியை எடுத்துக்கொண்டு
இயற்பியல் கட்டடத்தின் மேல் உட்கார்ந்து தின்றது,
அவசரமில்லாமல்,
முழுக் கட்டணமும் கட்டிவிட்டவனைப் போல.

முதல் தேர்வில்
விடையை எழுதினேன். விடை மட்டும்.
மீட்டர் எத்தனை காட்டும் என்று
என் விரலுக்குத் தெரியும்.
சிவப்பு மையில் ஒரு கேள்வி:
எங்கிருந்து வந்தது?
பக்கத்து இருக்கை தியாஷன்,
மோவாயில் இன்னும் கத்தி படாதவன்,
மூன்று பக்கம் வருவித்திருந்தான்.
அவன் எண்ணும் என் எண்ணும் ஒன்றே.
அவனுக்கு இருபது.
எனக்கு நான்கு.

சிபோங்கிலேவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை.
சம்பள நாளன்று குரல்செய்தி அனுப்புவாள்:
"எலக்ட்ரான் எவ்வளவு தருகிறது?"
பின்னால் கப்பல் சங்கு கேட்கும்.
இரண்டு முறை கேட்டேன் அதை.
பதில் அனுப்பவில்லை.

அன்றிரவு சமையல்மேசையில் உட்கார்ந்தேன்.
அடித்து, கிழித்து, மறுபடி.
முப்பத்தோராவது வரியில்
அந்த எண் வந்தது.
எத்தனையோ முறை நேராக உள்ளே வந்ததுதான்,
இன்றைக்கு மட்டும்
கதவைத் தட்டிவிட்டு வந்தது.

ஆற்றல் அழிவதில்லை என்கிறது பலகை.
அப்படியானால் அந்தப் பதினொரு பாடம் எங்கே?
கையைத் தூக்கப் போனேன், இறக்கிவிட்டேன்.
எனக்கே தெரியும்.
நீளக் கம்பியில் அனுப்பினால்
வழியில் கொஞ்சம் வெப்பமாகும்,
காற்று எடுத்துக்கொள்ளும்,
எந்த மீட்டரிலும் ஏறாது.
கம்பிமேல் உட்காரும் பறவைக்கு
கால் லேசாகச் சுடுமோ என்னவோ.

நேற்று ஆய்வகத்தில்
சுவிட்சை அணைத்துவிட்டு
மின்தேக்கியை நோக்கிக் கையை நீட்டினான் தியாஷன்.
மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.
ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்தேன்.
டப்.
நீலமாக ஒரு பொறி.
பல்லி மாதிரி அசையாமல் நின்றான்.

பிறகு கேட்டான்: ஏன்?

தேர்வில் வரும் என்றேன்.
நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினேன்
முதல் வரியிலிருந்து.
ஆறு மணி டாக்சி போய்விட்டது.
ஒன்பதாவது வரியில்
ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.
அவன்தான் பார்த்தான்.