தொலைந்த பெட்டி

முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.
டக் என்றால் விலா. டொம் என்றால் வெற்றிடம்.
குரிச்சிபாவின் ஜூன் குளிரில்
சுத்தியலோடு சேர்ந்து விரல்களும் இரும்பாகிவிட்டன.

ஹலினா வரைபடத்தை விரித்தாள்.
ஐம்பத்தேழாம் வருடத்து நீலத்தாள்,
ஓரமெல்லாம் செல்லரித்தது.
அறுபது சென்டிமீட்டருக்கு ஒரு விலா,
விலாவுக்கு நான்கு கம்பி,
பதினாறு மீட்டர் அகலம், நடுவே தூண் கிடையாது.
அப்போது இது நடனக் கூடம்.
கண்மூடிச் சுழலும் ஜோடி எதிலும் முட்டிக்கொள்ளாதிருக்க
யாரோ இரவெல்லாம் போட்ட கணக்கு.
இப்போது மருத்துவமனை வாங்கிவிட்டது.
எக்ஸ்ரே அறைக்குக் குழாய் ஒன்று இறங்க வேண்டும்,
என் உள்ளங்கை அகலத்துக்கு.

சென்ட்ரிங் என்றால் பிரித்தெடுப்பதுதான் வழக்கம்.
இந்தத் தளத்தில் அப்படியில்லை.
விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே
மரப்பெட்டிகளை அடுக்கி, மேலே கான்கிரீட் கொட்டி,
அப்படியே விட்டுப் போய்விட்டார்கள்.
தொலைந்த பெட்டி என்று அதற்குப் பெயர்.
எங்கள் பேச்சில் சவப்பெட்டிக்கும் அதே சொல்தான்.
வேலைக்கு வரும் புதியவன் ஒவ்வொருவனும்
அந்த நகைச்சுவையைத் தானே கண்டுபிடித்ததாக நினைக்கிறான்.

ஹலினா சாக்கட்டியால் வட்டமிட்டாள்.
தட்டினேன். டக்.
"இங்கே பெட்டி இருக்கணுமே."
"தாளில் இருக்கு, பொறியாளரம்மா."
ஒரு சாண் தள்ளித் தட்டினேன்.
டொம்.
அறுபதை எவனோ ஒரு தச்சன் எழுபதாக்கியிருக்கிறான்.
அல்லது பலகை அந்த நீளத்தில்தான் வந்திறங்கியதோ என்னவோ.
வட்டத்தை நம்பியிருந்தால் கம்பியை அறுத்திருப்பேன்.

டிரில் இறங்கியது.
ஐந்து சென்டிமீட்டர் ஜல்லி, சாம்பல் தண்ணீர்,
பிறகு சத்தம் மாறியது.
பற்கள் மரத்தைத் தின்னும் சத்தம்.
பிசின் வாசம்,
நேற்று வெட்டிய மாதிரி.
இந்தப் பைனில் ஒன்றை இன்று சாய்த்தால் வழக்கு, அபராதம்.
அன்று ஒரு காட்டையே
தரைக்குள் போட்டு மூடிவிட்டு
மேலே வால்ட்ஸ் ஆடினார்கள்.

கேமராக் குழலை உள்ளே விட்டோம்.
வளைந்த ஆணி. சிமென்ட் மூட்டைக் கிழிசல்.
உட்பலகையில் பென்சில் எழுத்து:
17 × 6 = 112.
அதை அடித்துவிட்டு, கீழே இன்னொரு முறை, அழுத்தமாக:
112.

ஹலினா வாய்விட்டுச் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை,
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மதியம் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
வேகவைத்த பைன் கொட்டை உரித்துத் தின்றோம்.
தலைக்கு மேல் யாரோ ஒரு நோயாளியைச்
சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள்,
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை,
எதையும் சுற்றிப் போகாமல்.

மேஸ்திரி சரிபார்த்திருக்க மாட்டான்.
அடிக்காத அந்தப் பத்துப் பெட்டிக்கும்
அவனுக்குக் கூலி கிடைத்திருக்கட்டும்.